பச்சை நூல்

ஜூலை 21, ஞாயிறு

கேஸ் லைட்டரைத் தேடியபோது சமையலறை மேல்தட்டில் என் மனைவி வடிவின் ஹார்லிக்ஸ் பாட்டில் அகப்பட்டது. உள்ளே அவரை விதை. மூடியைத் திறந்ததும் மாவு பறந்தது. வண்டு. ஒவ்வொரு விதையிலும் குண்டூசியால் குத்தியது போல ஒரு துளை.

அவள் வருஷா வருஷம் செம்மண்ணைக் குழைத்து விதைமேல் பூசி, காயவைத்துத்தான் எடுத்துவைப்பாள். இந்தப் பாட்டிலுக்கு அது நடக்கவில்லை. போன வருஷம் மாசியில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முறத்தில் கொட்டிப் பொறுக்கினேன். துளை விழாதவை பதினொன்று. கறுப்பு விதை, ஓரத்தில் வெள்ளைக் கோடு. காய்க்கும்போது காயின் விளிம்பு முழுக்க ஊதா ஓடும். சேலைக்கரை அவரை என்பாள். கடைகளில் இந்த ரகம் இல்லை. இருபத்தேழு வருஷம் இந்த மாடியில்தான் இருந்தது. பாட்டிலைத் தவிர வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். வாங்கிப்போனவர்கள் ஒரு வருஷம் வளர்த்துவிட்டு மறந்துபோவார்கள். ஆனால் சும்மா தரமாட்டாள். சும்மா வாங்கின விதை முளைக்காதாம். பதிலுக்கு ஒரு பிடி உப்போ, உளுந்தோ, ஒரு கறிவேப்பிலைக் கன்றோ வாங்கிக்கொள்வாள். வரலாற்றில் எம்.ஃபில். வாங்கி இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவன் நான். இதற்கு எந்த ஆதாரமும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பதினொன்றையும் ஊன்றிவிட்டேன். ஐந்தை நிறுத்தி வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் வண்டு தின்னும்.

பழைய பெயின்ட் வாளிகள் மூன்று. மண்ணைக் கிளறியபோது அவளுடைய உடைந்த வளையல் துண்டு ஒன்று வந்தது. ஓரமாக வைத்தேன்.

அடுத்த வீட்டு பிலோமினா டீச்சர் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"சார், வடிவக்கா அவரையா? காய்ச்சா எனக்கு நாலு விதை வேணும். மாடியில ரூம் எடுக்கும்போது எங்க கொடிய வெட்டிப் போட்டுட்டானுவ."

"பார்க்கலாம்."

"நீங்க பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். அக்கா சொல்லியிருக்காவ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வடிவு என்னைப் பற்றி இன்னும் என்னென்ன இந்தச் சுவரில் சாய்ந்து நின்று சொல்லியிருக்கிறாளோ.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாலு முளைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

இரண்டை அணில் கடித்துப் போட்டுவிட்டது. ஒன்று வேர் அழுகிச் சாய்ந்தது. மிச்சம் ஒன்று. பழைய ஃபேன் கூண்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

கல்லூரியில் புதிய துறைத்தலைவர் பதவி ஏற்பு. என்னைவிட ஏழு வருஷம் இளையவன். என்னிடம் குறிப்பு வாங்கிப் படித்தவன். மேடையில் எல்லாருக்கும் நன்றி சொன்னான், என்னைத் தவிர. லட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து எறும்புக்கு வைத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கொடி பந்தலைத் தொட்டுவிட்டது. அவள் கட்டிய அதே கயிறுதான்.

காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் குற்றாலத்தைப் பார்த்தேன். என் தம்பி. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான்; முதுகு வளைந்திருக்கிறது. நான் மீன் சந்து வழியாகச் சுற்றி வந்தேன்.

அப்பா இறந்தபோது நான் மதுரையில் விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தேன். நான் வந்து சேர்வதற்குள் அவன் கொள்ளி வைத்துவிட்டான். அப்பாவுக்கு மூத்தவன் வைப்பதுதான் எங்கள் வழக்கம். எனக்காக இரண்டு மணி நேரம் பொறுக்கவில்லை. சுடுகாட்டு வாசலில் அவன் நனைந்த வேட்டியோடு எதிரே வந்ததை என்னால் மறக்க முடியாது.

இது தெரிந்தும் வடிவு அவன் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனாள். இரண்டு வருஷம் முன்பு, இதே ஆவணியில். என்னிடம் சொல்லாமல். அன்று முதல் நான் அவளிடம் பேசவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. பிறகு தை மாதம் ஒரு நாள் ஸ்கேன் ரிப்போர்ட்டை என் மேஜைமேல் வைத்தாள். அதன் பிறகு பேசினேன். அந்த ஸ்கேனுக்கும் தனியாகவே போயிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னாளா?

பேசாத அந்த மாதங்களில் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நான் மாடி அறையில் படித்துக்கொண்டிருக்கும்போது வந்து அவரைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். செடியிடம் சொல்வது போல எனக்குச் சொல்வாள். "நாளைக்கு கேஸ் வரும், ஆள் இருக்கணும்." "தாமிராவுக்குப் பரீட்சை முடிஞ்சுட்டாம்." "மோர்க்குழம்பு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கிடணும்." நான் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டுவேன். அதுதான் பதில்.

அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

அக்டோபர் 6, ஞாயிறு

முதல் வருஷத் திதி. என் பெண் தாமிரா பெங்களூரிலிருந்து வந்து உடனே திரும்பிவிட்டாள். லீவு இல்லையாம். ஐயர் மந்திரத்தை முழுங்கினார்; திருத்தினேன்.

போன வருஷம் வடிவை எடுத்தபோது குற்றாலம் தெருவில் நின்று வாய்விட்டு அழுதான். என் பெண்கூட அப்படி அழவில்லை. இவன் யார், அவளுக்காக அப்படி அழ? எல்லாரும் அவனைத் தேற்றினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு யாரோ போனார்கள்.

நவம்பர் 20, புதன்

பூத்திருக்கிறது! ஊதாப் பூ, கொத்துக்கொத்தாக. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றதில் முதல் வகுப்புக்குப் பிந்திவிட்டேன்.

இளங்கொழுந்தில் அசுவினிப் பூச்சி. அவள் அடுப்புச் சாம்பல் தூவுவாள். கேஸ் அடுப்பில் ஏது சாம்பல்? அவள் எங்கே வாங்கினாளோ. இஸ்திரி போடும் பரமசிவனிடம் கேட்டேன். "எதுக்கு சார், பாத்திரம் விளக்கவா?" என்றான். ஒரு பை நிறையத் தந்தான்.

டிசம்பர் 9, திங்கள்

விடாத மழை. கல்லூரி விடுமுறை. காற்று பூவை உதிர்க்கிறது. ஷவர் திரைச்சீலையைக் கழற்றிப் பந்தல்மேல் கட்டினேன். அது பறந்தது. மாலைவரை குடை பிடித்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"சார், காய்ச்சல் வரப்போவுது!" பிலோமினா டீச்சர் ஜன்னலிலிருந்து கத்தினார். "செடிக்குக் குடை பிடிக்கிற ஆளைப் பாரு! அக்கா இருந்தா கைகொட்டிச் சிரிச்சிருப்பாவ."

அவள் இருந்தபோது நான் குடை பிடித்ததில்லை. இருவரும் சேர்ந்து நடந்தால் அவள்தான் பிடிப்பாள், என் உயரத்துக்குக் கையைத் தூக்கி.

டிசம்பர் 22, ஞாயிறு

காய் பிடித்துவிட்டது. கரை போட்ட காய்.

விதைக்கு விடுகிற காய்களில் வடிவு சிவப்பு நூல் கட்டுவாள். கொடியின் நடுப்பகுதியில், முதல் கொத்தில், பூச்சி தொடாத நீளக் காயாகப் பார்த்துக் கட்டுவாள். நூல் கட்டிய காயை யாரும் பறிக்கக் கூடாது. கொடியிலேயே காய்ந்து, காதருகே ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்வரை விட வேண்டும்.

தையல் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு நூல்கண்டு இருந்தது. பச்சையும் இருந்தது.

யோசித்தேன். சிவப்பு கட்டினால் எவை நல்ல காய் என்று ஊருக்கே அறிவிப்பது போல. பிலோமினா டீச்சர் வீட்டு மாடியிலிருந்து கை நீட்டினால் எட்டும். டேங்க் கழுவ வருகிறவன், கேபிள்காரன், எல்லாரும் ஏறுகிற மாடி. பச்சையைக் காய்க்காம்பில் கட்டினேன். பதினான்கு காய். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. திருப்தியாக இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

தாமிரா வந்திருக்கிறாள். ஒரு வாரம் இருப்பாளாம். போன வருஷம் துக்கத்தில் பொங்கல் இல்லை. இந்த வருஷம் அம்மா செய்வது போலவே செய்யப் போகிறாளாம். வந்ததும் பித்தளைப் பானையைப் புளி போட்டுத் துலக்க உட்கார்ந்துவிட்டாள்.

"சிறுகிழங்கு வாங்கியாச்சாப்பா?"

"வாங்கணும்."

"கரும்பு?"

"ரெண்டு பேருக்கு எதுக்குக் கரும்பு?"

"அம்மாவுக்கு வைக்கணும்லா?"

வாங்கி வந்தேன். கரும்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது தெருவே பார்த்தது.

கீழ்க்கொத்தில் இரண்டு காய் மஞ்சளாகத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. இன்னும் மூன்று வாரம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல்.

குளித்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தேன். சிறுகிழங்குப் பொரியல், பூசணிக்காய், சாம்பார். அவரைக்காய்ப் பொரியல். ஓரத்தில் ஊதாக் கரை.

"எங்க பறிச்ச?"

"நம்ம மாடியிலதான்ப்பா! விடியக்காலம் போயி எல்லாத்தையும் பறிச்சேன். அம்மா மொத அவரையைப் பொங்கலுக்குத்தான பறிப்பா. முத்தினதை உரிச்சு சாம்பார்ல போட்டிருக்கேன், மொச்சை மாதிரி. சாப்பிட்டுப் பாருங்க."

எல்லாத்தையுமா என்று கேட்டேன். எல்லாத்தையும் என்றாள்.

"நூல் கட்டியிருந்ததே."

"நூலா? சிவப்பு நூல் கட்டியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேனே. நல்லாத் தேடினேன்ப்பா. ஒண்ணுகூட இல்ல."

சாம்பாரில் விதைகள் வெந்து வெளிறிக் கிடந்தன. விரலால் அழுத்தினேன். நசுங்கியது.

எழுந்து கை கழுவினேன். மாடிக்குப் போனேன். பந்தலில் இன்னும் பூ இருந்தது. பிஞ்சும் இருந்தது. மாசிவரை காய்க்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அரிவாளை எடுத்து அடியில் வெட்டினேன்.

ஜனவரி 15, புதன்

தாமிரா சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நேற்று மதியத்திலிருந்து நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் வேணும்னு பண்ணலப்பா. திட்டுங்க, வாங்கிக்கிடுதேன். அம்மாகிட்ட இருந்த மாதிரி என்கிட்டயும் இருக்காதீங்க. எனக்கு அம்மா அளவுக்குப் பொறுமை கிடையாது."

ஆட்டோ திரும்பும்வரை நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் கொடி பந்தலிலேயே வாடித் தொங்குகிறது. பிஞ்சுகள் சுருங்கிவிட்டன. காய் போன காம்புகளில் நூல் மட்டும் பச்சையாக இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

பிலோமினா டீச்சர் வாழைப்பூ கொண்டுவந்து கொடுத்தார். மாடியைப் பார்த்திருக்கிறார். போகும்போதுதான் சொன்னார்.

"வருத்தப்படாதீங்க சார். அந்த விதை அழியல. உங்க தம்பி வீட்டு மாடியில பந்தல் பந்தலாக் கிடக்கு. சர்ச்சுக்குப் போற வழிதான, பாத்தேன்."

"அவனுக்கு எப்படி?"

"அக்காதான் குடுத்தாவ. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

குற்றாலம் இருக்கும் என்.ஜி.ஓ. காலனி வரை சைக்கிளில் போனேன். தெருமுனையிலிருந்தே தெரிகிறது, மாடி முழுக்க ஊதா. திரும்பிவிட்டேன்.

ஒன்றை எழுதிவிட வேண்டும். அப்பா இறந்த அன்று காலை பதினொரு மணிக்கே குற்றாலம் போன் செய்தான். மேஜையில் இன்னும் பதினெட்டு விடைத்தாள் இருந்தது. பாதியில் எழுந்து போனால் திருத்தும் முகாமின் அதிகாரி ஏளனமாகப் பேசுவான் என்று திருத்தி முடித்தேன். பிறகு சாப்பிட்டேன். சித்திரை வெயில். ஐஸ் பெட்டி கிடைக்காத ஊர். அவர்கள் இருட்டும் வரை வைத்திருந்தார்கள்.

இதை வடிவிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும். பால்காய்ப்புக்குப் போனாளே.

பிப்ரவரி 16, ஞாயிறு

போனேன்.

ஒரு பிடி உளுந்தைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சும்மா வாங்கினால் முளைக்காது.

கதவைத் திறந்தவன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு, "வாண்ணே" என்றான். நேற்றுதான் பார்த்துவிட்டுப் போனவனிடம் சொல்வது போல. உள்ளே பார்த்து, "காப்பி போடு, அண்ணன் வந்திருக்கு. சீனி கம்மியா" என்றான். என் சீனியெல்லாம் அவனுக்கு நினைவிருக்கிறது.

விதை வேண்டும் என்றேன். மாடிக்குக் கூட்டிப்போனான். மூன்று பந்தல். காய்ந்த காய்களில் சிவப்பு நூல், ஒரே மாதிரி இரட்டை முடிச்சு. அவள் போடுகிற முடிச்சு.

"மைனி சொல்லிக் குடுத்தது" என்றான்.

காய்களைப் பறித்து என் கையிலேயே உடைத்தான். முப்பது, நாற்பது விதை இருக்கும். நான் உளுந்துப் பொட்டலத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

"நீயுமாண்ணே? இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பியே!"

"எடுத்துக்கோடா."

வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் காலி நெற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மைனி எனக்கு விதை குடுக்கும்போது நான் என்ன குடுத்தேன் தெரியுமா? நானும் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன், பதிலுக்கு என்ன வேணும் மைனி, ஒரு கிலோ கருப்பட்டி தரட்டுமான்னு. 'அதெல்லாம் வேண்டாம், ஒரு நாள் என்கூட ஆஸ்பத்திரிக்கு வாரும். ஸ்கேன் எடுக்கணும். வேற ஆள் இல்ல'ன்னாவ."

காப்பி வந்தது. குடித்தேன்.

"உனக்கு லீவு கிடைக்கல போலன்னு நெனச்சேன்" என்றான். "பொறவுதான் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடலைன்னு தெரிஞ்சது. நான் கூடப் போனது தெரிஞ்சா நீ வருத்தப்படுவேன்னு, சொல்ல வேண்டாம்னுட்டாவ."

ரிப்போர்ட் வாங்கிய அன்று இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றார்களாம். அவள் அழவில்லையாம். "உங்க அண்ணனுக்கு மோர்க்குழம்பு சூடு பண்ணத் தெரியாதே" என்றாளாம்.

தனியாகப் போனாள் என்று இரண்டு வருஷம் அவள்மேல் கோபம் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. செம்மண் குழைத்து விதைக்குப் பூசினேன்.

பேசாதிருந்த அந்த மார்கழி, இருபதோ இருபத்தொன்றோ. மாடி அறையில் இருந்தேன். அவள் வந்து தண்ணீர் ஊற்றினாள். கேஸ் பற்றிச் சொன்னாள், பால்காரன் பற்றிச் சொன்னாள். பிறகு செடியிடம், "வயித்துல கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. ராத்திரி வலிக்கி" என்றாள். அதன் பிறகு போகாமல் நின்றாள். வாளி தரையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. மற்ற நாட்களைவிட நீண்ட நேரம் நின்றாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

மார்ச் 2, ஞாயிறு

பிலோமினா டீச்சருக்கு நாலு விதை. பதிலுக்கு ஒரு கரண்டி தோசை மாவு தந்தார். "நீங்க குடுத்தீங்கன்னு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாவ சார்."

தாமிராவுக்குத் தபாலில் ஏழு அனுப்பினேன். கூடவே சிவப்பு நூல் கொஞ்சம். கடிதம் எழுதினேன்; நான்கு முறை கிழித்து, கடைசியில் எப்படி ஊன்ற வேண்டும் என்பதை மட்டும் எழுதினேன்.

மார்ச் 8, சனி

அவள் போன் செய்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல் முறை.

"வந்துச்சுப்பா. பால்கனியில வைக்கலாமா?"

"வெயில் வரணும். ஆடி வரைக்கும் பொறு."

"சரி." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "பதிலுக்கு என்ன வேணும்? சும்மா வாங்கக் கூடாதுல்லா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆறு விதை ஊன்றினேன். மற்றவை பாட்டிலில். குற்றாலம் வந்து பந்தல் கயிற்றை மாற்றிக் கட்டினான். பழைய கயிற்றைத் தூரப் போடப் போனான்; வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரண்டு முளைத்திருக்கிறது.

தண்ணீர் ஊற்றினேன். வாளியைக் கீழே வைத்தேன். கைப்பிடிச் சுவரில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, செடியிடம், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டேன்.